ரௌட்டருக்கு வெளி ரேம் வாங்கப் போகிறீர்களா? முதலில் சிப்பை எண்ணுங்கள்

தக்கலையில் நான் நடத்தும் கணினிப் பயிற்சி மையத்தில் பழைய சிஸ்கோ 2811 ரௌட்டர் ஒன்று இருக்கிறது. பாடம் நடத்துவதும் அதில்தான், மையத்துக்கு இணையம் வருவதும் அதன் வழியாகத்தான். 256 எம்பி ரேம் போதாமல், காலியாகக் கிடந்த இரண்டாவது ஸ்லாட்டுக்கு இன்னொரு 256 வாங்க நாகர்கோவிலில் ஒரு கடைக்குப் போனேன். "கம்பெனி ஸ்டிக்கருக்குத்தான் அந்த வெல அண்ணாச்சி, உள்ள எல்லாம் ஒண்ணுதான்" என்று வெளி ரேம் ஒன்றை, அதாவது சிஸ்கோ அல்லாத வேறு கம்பெனி ரேமை, எடுத்துத் தந்தார்கள்.

மாட்டிவிட்டு, ரௌட்டரின் விவரங்களைக் காட்டும் 'ஷோ வெர்ஷன்' கட்டளையைக் கொடுத்தேன். மெமரி வரியில் சாய்கோட்டுக்கு இரு பக்கமும் உள்ள எண்களைக் கூட்டினால் 524288 கே, சரியாக 512 எம்பி. அந்தக் கணக்கோடு நிறுத்திக்கொண்டதுதான் தப்பு.

மூன்றாம் நாளிலிருந்து ரௌட்டர் தானாக ரீஸ்டார்ட் ஆனது. ஐப்பசி மழை, சாயங்காலம் ஆனால் இடி. கரண்ட்தான் காரணம் என்று எர்த்தைச் சரிபார்த்தேன், புது யுபிஎஸ் வாங்கினேன். ஆன்லைன் பரீட்சை எழுதிக்கொண்டிருந்த பிள்ளைகளுக்கு இரண்டு முறை இணைப்பு அறுந்தது. அப்புறம்தான் ஒவ்வொரு முறையும் 'பஸ் எரர்' (நினைவகத்தை எட்ட முடியாத பிழை) என்று பதிவாகியிருப்பதைக் கவனித்தேன். ரேமைக் கழற்றிப் பார்த்தால், பழையதில் 9 சிப், புதியதில் 8.

இந்த ரௌட்டருக்கு இசிசி ரேம், அதாவது பிழையைத் தானே திருத்தும் ரேம் வேண்டும். 64 பிட் தரவோடு பிழை பார்க்க இன்னும் 8 பிட், அதற்குத்தான் அந்த ஒன்பதாவது சிப். ஒரு பிட் புரண்டாலும் திருத்திக்கொள்ளும். எனக்குத் தந்தது மேசைக் கணினியின் சாதாரண ரேம், அதுவும் எத்தனை வருடம் ஓடித் தேய்ந்ததோ. கழற்றிய பிறகு அதே மழையில் ரௌட்டர் ஒருமுறைகூட நிற்கவில்லை.

கடையில் பணம் திரும்பக் கிடைக்கவில்லை. பில்லில் 'ரேம் 1' என்று மட்டும் இருந்தது.

வெளி ரேம் எல்லாமே மோசம் என்று சொல்ல மாட்டேன். நல்ல இசிசி ரேம் போட்டு ஒழுங்காக ஓடும் ரௌட்டர்களைப் பார்த்திருக்கிறேன். ஆனால் ரௌட்டர் மாடல், இசிசி, எத்தனை நாளுக்குள் திருப்பித் தரலாம் என்பதைப் பில்லில் எழுதி வாங்குங்கள். எழுத மறுத்தால் வந்துவிடுங்கள். பழைய ரேமையும் தூக்கிப் போடாதீர்கள். பழுது வந்தால், சரிபார்ப்பவர்கள் வெளி ரேமைக் கழற்றிவிட்டுப் பார்க்கச் சொல்வார்கள்.

அந்த 8 சிப் ரேம் என் மேசையில்தான் இருக்கிறது. சந்தேகம் இருப்பவர்கள் தங்களுடையதைக் கொண்டு வாருங்கள், இரண்டையும் பக்கத்தில் வைத்துக் காட்டுகிறேன்.