ஒரு வெல்டர் பார்த்த சோழமண்டலம்

ரயில் பெட்டி செய்யற ஐசிஎஃப் தொழிற்சாலையில, பெட்டியோட கூட்டைக் கட்டற ஷெல் பக்கம் 34 வருஷம் வெல்டிங் அடிச்சு ரிட்டையர் ஆனவன் நான். சிலைன்னா கோயில்ல கும்பிடறது, இல்லன்னா சிக்னல்ல கையை நீட்டிக்கிட்டு நிக்கிறது, அவ்வளவுதான் நமக்குத் தெரியும். மே மாச லீவுக்குப் பேத்தி வியாசர்பாடிக்கு வந்திருந்தா. பீச்சும் வேணாம், மாலும் வேணாம், வேற எங்கயாவது கூட்டிட்டுப் போங்க தாத்தான்னு ஒரே நச்சரிப்பு. மருமகதான் ஈஞ்சம்பாக்கத்துல சோழமண்டலம் ஓவியர் கிராமம் இருக்கு, தோட்டம் முழுக்கச் சிலையா இருக்கும் மாமான்னு சொன்னா. குழந்தைகளுக்கான பொம்மைப் பூங்கா மாதிரி இருக்கும்னு நெனச்சுக்கிட்டுதான் கிளம்பினேன்.

வடசென்னையில இருந்து போறவங்களுக்கு ஒண்ணு சொல்லிடறேன். அது ஊருக்கு அந்தக் கோடி. ஷேர் ஆட்டோவுல பாரீஸ் கார்னர் வந்து, அங்கிருந்து ஈசிஆர், அதான் கிழக்குக் கடற்கரைச் சாலை, போற பஸ்ல ஏறினோம். ஜன்னல் சீட்டு கிடைச்சா அந்தப் பயணமே பாதி சுற்றுலா. மெரினாவுல உழைப்பாளர் சிலையைத் தாண்டும்போது, "நாலு பேர் சேந்து தள்ளியும் கல்லு நகரலையே தாத்தா"ன்னு பேத்தி கேட்டா. 1959ல வெச்ச சிலை, நகர்ந்தாதான் அதிசயம். அதைச் செஞ்ச தேவி பிரசாத் ராய் சௌத்ரி பெரியமேட்டுக் கலைக் கல்லூரிக்கு முதல்வரா இருந்தவர். அவருக்கு அப்புறம் அந்த நாற்காலிக்கு வந்த கே.சி.எஸ். பணிக்கர்தான் சோழமண்டலத்தை உண்டாக்கினவர். இதெல்லாம் அங்க போனப்புறம் தெரிஞ்சுக்கிட்டது. 1850ல ஆரம்பிச்ச அந்தக் கல்லூரியோட செங்கல் கட்டடத்தை எத்தனை தடவை சைக்கிள்ல தாண்டியிருப்பேன், உள்ள என்ன நடக்குதுன்னு ஒரு நாளும் எட்டிப் பார்த்ததில்ல.

பஸ்ஸை விட்டு இறங்கி உள்ள நுழைஞ்சதும் ஈசிஆர் ஹாரன் சத்தம் பின்னால போயிடுது. மரம், மணல், நிழல். நிழலுக்கு நடுவுல அங்கங்க கருங்கல்லும் உலோகமும். ஒரு சிலைக்கும் அடுத்ததுக்கும் நடுவுல மூச்சு விட இடம் இருக்கு. வரிசையா நிக்க வெச்சு அட்டெண்டென்ஸ் எடுக்கற மாதிரி இல்ல. நம்மளை யாரும் விரட்டலை. ஒரு சிலை முன்னால அரை மணி நேரம் நின்னேன். வீட்டம்மா ரெண்டு தடவை வந்து கூப்பிட்டுப் பார்த்துட்டு, மரத்தடியில முந்தானையால விசிறிக்கிட்டு உட்கார்ந்துட்டாங்க.

1966ல தொடங்கின இடம் இது. படம் வரைஞ்சு, சிலை செஞ்சு மட்டும் அப்போ சோறு திங்க முடியாது. அதனால பணிக்கரும் அவரோட மாணவர்களும் சேர்ந்து மெழுகு வெச்சுச் சாயம் ஏத்தற பாத்திக் துணி, கைவினைச் சாமான்னு செஞ்சு வித்து, அந்தக் காசுலதான் இந்த நிலத்தை வாங்கியிருக்காங்க. வயித்துக்குக் கைத்தொழில், மீதி நேரம் கலை. நானும் ஷிஃப்ட் முடிஞ்சு வந்து கட் பீஸ் கம்பியில முருகன் வேல், வாசல் கேட்டுக்கு மயில்னு செஞ்சவன்தான். அந்தக் கணக்கு எனக்குச் சட்டுனு புரிஞ்சிடுச்சு.

இப்போ உலோகத்துக்கு வரேன். அதைப் பத்தித்தான் எனக்குப் பேசத் தெரியும்.

பி.வி. ஜானகிராம்னு ஒரு சிற்பி. செம்புத் தகட்டை அடிச்சு அடிச்சே உருவம் கொண்டு வந்தவர். இரும்பு அடிச்சுப் பழகின கைக்கு செம்பு தலைகீழ் வித்தை. உருக்கைப் பழுக்கக் காய்ச்சித் தண்ணியில முக்கினா இறுகிப் போகும். செம்பைச் சிவக்கக் காய்ச்சி முக்கினா வெண்ணெய் மாதிரி இளகிக் கொடுக்கும். அடிக்க அடிக்க மறுபடி முறுக்கேறும். அதுக்கு மேல அடிச்சா கீறல் விட்டுடும், திரும்பவும் அடுப்புல காட்டணும். ஆக ஒரு முகத்துக்கு எத்தனை தடவை நெருப்புக்கும் சுத்தியலுக்கும் நடையா நடந்திருப்பாருன்னு அந்த வளைவைப் பார்த்தாலே தெரியுது. சுத்தியல் பட்ட தழும்பைத் தேய்ச்சு மறைக்காம அப்படியே விட்டிருக்கார். வெயில் சாயும்போது ஒவ்வொரு தழும்புலயும் ஒரு துளி வெளிச்சம் நிக்குது.

பணிக்கரோட மகன், மறைந்த எஸ். நந்தகோபால் இன்னொரு ரகம். செம்பும் பித்தளையும் சேர்த்து, ஒட்டு மேல ஒட்டா ஏத்திக்கிட்டே போனவர். முன்பக்கம் நின்னு பார்க்கற மாதிரியான வேலை, சாமி அலங்காரம் மாதிரி. நான் பின்னால போய் ஜாயின்ட்டைத்தான் தேடினேன், பழக்க தோஷம். செம்புல ஒட்டு வைக்கறது லேசுப்பட்டது இல்ல. ஒரு இடத்துல சூடு காட்டினா தகடு முழுக்க ஓடிப் போயிடும், நமக்கு வேண்டிய இடம் மட்டும் உருகவே உருகாது. ஒட்டு பிடிக்க வெங்காரப் பொடி தூவி, பித்தளை ராடு வெச்சு, ஃப்ளேமை ஆட்டாம பிடிக்கணும். எங்க ஷாப்புல ஒட்டு கண்ணுக்குத் தெரிஞ்சா கிரைண்டர் போட்டு மழிச்சிடுவோம். இங்க ஒட்டையே நகை மாதிரி விட்டிருக்காங்க. எங்க இன்ஸ்பெக்டர் பார்த்திருந்தா ரிஜெக்ட் பண்ணியிருப்பார். தப்பு அவர் பேர்லதான்.

"இது ஏன் தாத்தா பச்சையா இருக்கு, பெயின்ட்டா?"ன்னு பேத்தி கேட்டா. களிம்பும்மா. கடல் காத்து பட்ட செம்புக்கு அது சட்டை மாதிரி, உள்ள இருக்கறதைக் காப்பாத்தும். இரும்புத் துரு அப்படி இல்ல, உள்ள போய்த் தின்னுடும். கடலை ஒட்டின காசிமேட்டுப் பக்கம் ஒரு ஜன்னல் கம்பியைப் பார்த்தா தெரிஞ்சிடும்னேன். அதுக்கப்புறம் எதைப் பார்த்தாலும் "இது களிம்பா, துருவா"ன்னு ஒரே கேள்வி. பள்ளிக்கூடத்துல ஒரு வருஷம் சொல்லிக் கொடுத்தாலும் இப்படி ஒட்டாது.

கல் வேலை எனக்கு அவ்வளவா பிடிபடலை. வெளிநாட்டுச் சிற்பிகள் செஞ்சதும் இருக்கு. சிலது என்ன உருவம்னே தெரியலை. வீட்டம்மா ஒண்ணைப் பார்த்து "ஆட்டுக்கல்லு மாதிரி இருக்கு, குழவியைக் காணோம்"னுட்டாங்க. அது ஒண்ணும் தப்பான விமர்சனம் இல்ல. வழவழன்னு ஒரு பக்கம், அடுத்த பக்கம் உளி பட்ட சொரசொரப்பு அப்படியே. தொட்டுப் பார்க்கக் கை துறுதுறுத்துச்சு. முதுகுக்குப் பின்னால கையைக் கட்டிக்கிட்டேன். நம்மளைப் பார்த்துதானே பேத்தியும் செய்வா.

மதியச் சாப்பாட்டுக்கு வெளிய வந்தோம். கட்டிட்டுப் போன புளிசாதமும் உருளை வறுவலும் இருந்துச்சு, குடிக்க ஏதாவது வாங்கலாம்னு ரோட்டோரம் கண்ணாடி போட்ட ஒரு கடைக்குள்ள நுழைஞ்சது நான் பண்ண ஒரே தப்பு. மூணு எலுமிச்சை ஜூஸுக்கு வந்த பில்லை வீட்டம்மா கண்ணுல காட்டலை. பாதி டம்ளர் ஐஸ். தண்ணி பாட்டிலும் சாப்பாடும் கையோட எடுத்துட்டுப் போயிடுங்க.

சாயந்தரம் மியூசியம். பணிக்கரும் அந்தக் கல்லூரிக்காரங்களும் வளர்த்த மெட்ராஸ் கலை இயக்கத்தோட வேலைகளை ஒரே கூரைக்குக் கீழ வெச்சிருக்காங்க, 2009ல திறந்தது. ஓவியத்துல எனக்குச் சொல்ல எதுவும் இல்ல, பணிக்கரோட படங்கள்ல எழுத்தும் கணக்கும் ஜாதகக் கட்டமுமா இருந்ததைத் தவிர. எழுத்துக் கூட்டிப் படிக்கப் பார்த்தேன், ஒரு வார்த்தையும் சேரலை. பேத்தி மட்டும், "படிக்கறதுக்கு இல்ல தாத்தா, பார்க்கறதுக்கு"ன்னா.

போறவங்களுக்கு ரெண்டு விஷயம். ஊஞ்சல், சறுக்குமரம் எதிர்பார்த்து வாண்டுகளைக் கூட்டிட்டுப் போகாதீங்க. எட்டு, ஒன்பது வயசுக்கு மேல, கேள்வி கேக்கற பிள்ளைங்களா இருந்தா தாராளமா போகலாம். அப்புறம் இது வெறும் பூங்கா இல்ல, கலைஞர்கள் வீடு கட்டிக் குடியிருக்கற கிராமம். துணி காயுது, யார் வீட்டுலயோ குக்கர் விசில் அடிக்குது. ஜன்னல் வழியா எட்டிப் பார்த்து போன்ல படம் பிடிக்கற வேலை வேணாம். அவசரமா ஒரு மணி நேரத்துல சுத்திட்டு மகாபலிபுரம் போற பிளான் இருந்தா, இங்க இறங்காமலே போயிடுங்க. இது ஒரு முழு நாளைக் கொடுத்துட்டு உட்கார வேண்டிய இடம்.

திரும்பி பாரீஸ் வந்து சேர இருட்டிடுச்சு. செகண்ட் லைன் பீச்ல நின்னுக்கிட்டே ஆளுக்கு ஒரு தட்டு அத்தோ, அதான் பர்மா நூடுல்ஸ், வாழைத்தண்டு சூப்பு. தின்னுக்கிட்டே பேத்தி, "எனக்கும் செம்புல ஒரு குருவி அடிச்சுக் குடுங்க தாத்தா"ன்னா. டார்ச்சும் சுத்தியலும் பரண்ல கிடக்கு, ரெண்டு ராடு தேறும். தகட்டுக்கு எங்க போறதுன்னு யோசிச்சப்போ, கட்டிலுக்கு அடியில சும்மா கிடக்கற செம்பு அண்டா ஞாபகத்துக்கு வந்துச்சு. வாயைத் திறக்கறதுக்குள்ள வீட்டம்மா தட்டைக் கீழ வெச்சுட்டாங்க.

"அது எங்கம்மா சீர் கொடுத்த அண்டா. புதுப்பேட்டைக்குப் போய்த் தகடு வாங்கிக்கோங்க."

திங்கக்கிழமை போகணும்.