தோள் பையுடன் ஏழு நாள்: கோவையில் தங்கி மலைக்குப் போய் வந்த கணக்கு

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் பதினோரு வருடமாகச் செக்கிங் டேபிளில் நிற்கிறேன். எங்கே தையல் விட்டிருக்கிறது, எங்கே மடிப்பு சுருங்கியிருக்கிறது என்று கண் தானாகத் தேடும். குறை தெரிந்தால் ஸ்டிக்கர் ஒட்டி, திருத்தித் தைக்கிற ஆல்டருக்கு அனுப்புவேன். நன்றாக இருக்கிற பீஸைத் தடவிப் பார்த்து அடுக்குவதிலும் எனக்கு ஒரு மகிழ்ச்சி உண்டு. இந்தப் பயணத்தையும் அப்படித்தான் பார்த்தேன்.

பொங்கல் லீவில் காணும் பொங்கல் முடிந்த மறுநாள் ஒரு தோள் பையுடன் கிளம்பி, அடுத்த சனிக்கிழமை இரவு வீடு திரும்பினேன். சொந்த வண்டி கிடையாது, துணைக்கும் ஆள் இல்லை. பஸ், ரயில், நடை, ஒரே ஒரு ஆட்டோ.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மலை பார்க்கப் போகிறவர்கள் கோவையில் இறங்கிய வேகத்தில் ஊட்டி பஸ்ஸைத் தேடி ஓடுகிறார்கள். அப்படி ஓட வேண்டாம். கோவையில் ஒரு கட்டில் பிடியுங்கள். வடக்கே நீலகிரி, மேற்கே வெள்ளியங்கிரி, தெற்கே ஆனைமலை. எந்தப் பக்கம் போனாலும் காலையில் புறப்பட்டால் மதியத்துக்குள் மலைப் பக்கம் போய்ச் சேரலாம். ஜனவரியில் கோவையில் தூங்குவதே சுகமாக இருக்கிறது. சீசன் நேரத்தில் மலை மேல் அறைக்குக் கொடுக்கிற காசு மிச்சமாகும்.

நான் தங்கியது காந்திபுரம் டவுன் பஸ் நிலையத்திலிருந்து ஆறு நிமிட நடையில், பெண்களுக்கென்று தனியாக இருக்கிற ஒரு டார்மெட்டரி. ஓர் இரவுக்கு 450 ரூபாய். எட்டுக் கட்டில், பூட்டுடன் இரும்புப் பெட்டி, விடியற்காலை நாலு மணிக்கே வெந்நீர். வரவேற்பு மேசையில் இருந்த அக்கா, எந்த ஊருக்கு எந்த நிலையத்தில் பஸ் ஏற வேண்டும் என்று ஒரு கரும்பலகையில் சாக்பீஸால் எழுதி வைத்திருந்தார். கோவைக்குப் புதியவர்களுக்கு இதைவிடப் பெரிய உதவி கிடையாது. இங்கே எல்லா பஸ்ஸும் ஒரே இடத்திலிருந்து கிளம்புவதில்லை. பொள்ளாச்சிக்கு உக்கடம்; மேட்டுப்பாளையத்துக்கும் ஊட்டிக்கும் மேட்டுப்பாளையம் சாலைப் புதிய பஸ் நிலையம்; மதுரைப் பக்கம் என்றால் சிங்காநல்லூர். தவறான நிலையத்தில் போய் நின்றால் ஒரு மணி நேரம் வீண். டார்மெட்டரியின் குறை ஒன்றுதான்: நாலு கட்டிலுக்கு ஒரே ஒரு பிளக். இரவு பதினோரு மணிக்குச் செல்போன் சார்ஜுக்கு வரிசை நின்றது. அக்காவிடம் சொன்னேன், குறித்துக்கொண்டார்.

முதல் முழு நாள் பேரூருக்கு. சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு 2021 முதல் டிக்கெட் இல்லை என்பதால் போக வர ஒரு ரூபாய் செலவாகவில்லை. பட்டீசுவரர் கோயிலில் கனகசபை மண்டபத்தின் முன்னால் நான் நின்ற நேரத்தில் அந்த வாரத்தில் வேறு எங்கும் நிற்கவில்லை. ஒவ்வொரு தூணிலும் ஆளைவிட உயரமான சிற்பம்: யானைத் தோலை உரித்து விரித்த சிவன், காலை உயரத் தூக்கிய ஊர்த்துவ தாண்டவம், அகோர வீரபத்திரர். மேற்கூரையிலிருந்து கல்லிலேயே செதுக்கிய சங்கிலி தொங்குகிறது. கல்லில் வளையத்துக்குள் வளையம் கோத்த கையை நினைத்தபோது எனக்குப் பேச்சு வரவில்லை. இறவாப் பனை, பிறவாப் புளி என்கிற இரண்டு மரங்களின் கதைகளைக் கேட்டுவிட்டு, நொய்யல் கரையில் கொஞ்ச நேரம் உட்கார்ந்தேன். சுந்தரருக்குப் போக்குக் காட்டி இறைவனும் இறைவியும் வயலில் நாற்று நட்டதாகச் சொல்கிற ஊர் இது. இன்றும் ஆனி மாதத்தில் நாற்று நடவு விழா நடக்கிறது. இதே நொய்யல்தான் எங்கள் திருப்பூர் வழியாகவும் போகிறது. எங்கள் ஊரில் அந்த ஆறு சாயத் தண்ணீரால் பட்ட பாடு தெரிந்தவளுக்கு, இங்கே அதன் கரையில் உட்காருவது சாதாரண விஷயம் இல்லை.

மதியம் வனக் கல்லூரி வளாகத்தில் காஸ் வன அருங்காட்சியகம். 1902 முதல் இருக்கிறது. காட்டெருமையின் பருமனைக் கண்ணாடிக்குப் பின்னால் பார்த்தேன். மலைக்குப் போகும் முன் இதைப் பார்ப்பது நல்லது. வால்பாறைச் சாலையில் அது நிஜமாகவே எதிரே நிற்கக்கூடும். எவ்வளவு தூரம் விலகி நிற்க வேண்டும் என்பது அதன் உடம்பைப் பார்த்தால் புரிந்துவிடும்.

செவ்வாய்க்கிழமை மலை ரயில். இதற்காகத்தான் நான் நவம்பரிலேயே முன்பதிவு செய்திருந்தேன். அப்படிச் செய்யாதவர்கள் மேட்டுப்பாளையத்தில் வரிசையில் நின்று கவலைப்பட்டதைக் கண்ணால் பார்த்தேன். ரயில் காலை 7.10க்கு. டார்மெட்டரியிலிருந்து நாலரைக்கு ஆட்டோ, புதிய பஸ் நிலையத்திலிருந்து முதல் பஸ்களில் ஒன்று, ஆறு மணிக்கெல்லாம் மேட்டுப்பாளையம்.

இந்த ரயிலில் எஞ்சின் பெட்டிகளை இழுப்பதில்லை, பின்னால் இருந்து தள்ளுகிறது. ஒவ்வொரு பெட்டியின் மேடையிலும் ஒரு பிரேக்ஸ்மேன் நிற்கிறார். கல்லாறு வரை மற்ற ரயிலைப் போலத்தான். கல்லாறு தாண்டியதும் சத்தம் மாறுகிறது. அடியில் ஏதோ கடித்துக் கடித்து ஏறுவது போல ஓர் அதிர்வு காலில் தெரிகிறது. ஹில்குரோவ் நிலையத்தில் எஞ்சினுக்குத் தண்ணீர் பிடிக்க நிறுத்தியபோது இறங்கிக் குனிந்து பார்த்தேன். இரண்டு தண்டவாளங்களுக்கு நடுவே, பல் வைத்த இரும்புப் பட்டைகள் இரண்டு, பக்கத்தில் பக்கத்தில். ஒன்றில் பல் இருக்கிற இடத்தில் மற்றதில் பள்ளம். எஞ்சினின் பல்சக்கரம் ஒரு பட்டையை விடும் முன்பே மற்றதைப் பிடித்துவிடும். எந்த நொடியிலும் பிடி விடாது. இரண்டு ஊசித் தையலில் ஓர் ஊசி மேலே எழும்போது அடுத்தது இறங்கினால் எப்படி இருக்குமோ அப்படி. பற்களின் மேல் கறுப்பு மசகு மினுங்கியது. பன்னிரண்டு அடி முன்னே போனால் ஓர் அடி மேலே ஏறுகிற சரிவை இந்தப் பற்களை நம்பித்தான் ஏறுகிறார்கள். மேட்டுப்பாளையம் முதல் குன்னூர் வரை 1899லும், ஊட்டி வரை 1908லும் திறந்த பாதை. 46 கிலோமீட்டர், 16 சுரங்கம், 250 பாலம். 2005ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

குன்னூரில் நீராவி எஞ்சினைக் கழற்றி டீசல் எஞ்சின் மாட்டுகிறார்கள். பல் பாதையும் அங்கேயே முடிந்துவிடும். ஆகவே நேரம் குறைவாக இருப்பவர்கள் குன்னூரில் இறங்கி, சிம்ஸ் பூங்காவைப் பார்த்துவிட்டு பஸ்ஸில் திரும்பலாம். சிறந்த பகுதி எதையும் இழக்க மாட்டார்கள். நான் ஊட்டி வரை போனேன். கேத்திப் பள்ளத்தாக்கைப் பார்த்த பத்து நிமிடத்துக்காக அதுவும் சரிதான். ஊட்டியில் தாவரவியல் பூங்காவும், அங்கே இருக்கிற கல்லாகிப்போன மரமும் போதும். மார்க்கெட் சாலைக் கூட்டத்தில் நேரத்தைக் கொடுக்காதீர்கள். இன்னொன்று: சொந்த வண்டியில் வருகிறவர்களுக்கு 2024 மே மாதத்திலிருந்து நீலகிரிக்குள் நுழைய இ-பாஸ் வேண்டும். அரசு பஸ்ஸில் வருகிறவருக்கு அந்த வேலை இல்லை. பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்கும் தடை உண்டு, எவர்சில்வர் பாட்டில் கொண்டு போங்கள்.

இப்போது பையைப் பற்றி. நாற்பது லிட்டர், 1,450 ரூபாய், ஒரு கடையில் கிளம்பிய அன்றே வாங்கியது. கம்பெனிப் பெயரைச் சொல்லப் போவதில்லை. நான் வாங்கியது ஒரு பைதான். ஊட்டியிலிருந்து இறங்கும் பஸ்ஸில், பர்லியாறு தாண்டி, மேல் தட்டிலிருந்து எடுக்கும்போது இடது தோள்பட்டை கையோடு வந்துவிட்டது. கிழிந்த இடத்தைத் திருப்பிப் பார்த்ததும் எனக்குக் கோபம் வந்தது. பட்டையை மடிப்புக்குள் ஒரு விரல் நுனி அளவுகூட நுழைக்கவில்லை. அங்குலத்துக்கு ஐந்து தையல், ஒரே வரி. இழுவை விழும் இடத்தில் பார்டேக், அதாவது நெருக்கமாகப் போடுகிற பலத் தையல், இல்லை. எங்கள் டேபிளில் குழந்தைச் சட்டையின் பாக்கெட்டுக்கே பார்டேக் இல்லை என்றால் கட்டைப் பிரித்து அனுப்பிவிடுவோம். இது பத்துக் கிலோ சுமக்கிற பை. வாங்கும்போது துணியைத் தடவினேன், ஜிப்பை இழுத்தேன், உள்ளே கையை விட்டு இந்தத் தையலைப் பார்க்கவில்லை. நீங்கள் பாருங்கள்.

புதன்கிழமை காலை டவுன்ஹால் பக்கம் ஒரு சந்தில் பை தைக்கிற பெரியவர் ஒருவரைக் கண்டுபிடித்தேன். கிழிசலை விரலால் நீவிப் பார்த்துவிட்டு, "இது பையோட குத்தம் இல்லீங்க அம்மிணி, தச்சவன் அவசரம்" என்றார். மடிப்பைப் பிரித்து, பட்டையை இரண்டு அங்குலம் உள்ளே இறக்கி, உள்பக்கம் ஒரு துண்டு ரெக்ஸின் வைத்து, சதுரமாகத் தைத்து அதன் நடுவே பெருக்கல் குறி போட்டார். கேட்காமலே வலது பட்டைக்கும் அதே போல. அவர் கேட்டது எண்பது ரூபாய். நூறு கொடுத்தேன், இருபதைத் திருப்பிக் கையில் வைத்துவிட்டார். அந்த வாரம் முழுவதும் நான் பார்த்த வேலைகளில் கனகசபைக்கும் தண்டவாளப் பல்லுக்கும் அடுத்து இந்தத் தையலைத்தான் வைப்பேன்.

அன்று மதியம் அவிநாசி சாலையில் ஜி.டி. நாயுடு பெயரில் இருக்கும் கார் அருங்காட்சியகம். எனக்குக் கார்களைவிட அவர் கதைதான் முக்கியம். 1893ல் கலங்கலில் பிறந்து, மோட்டார் சைக்கிள் ஒன்றை வாங்குவதற்காக ஹோட்டலில் வேலை செய்து காசு சேர்த்தவர். 1920ல் ஒரே ஒரு பஸ்ஸை வாங்கிப் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஓட்டத் தொடங்கினார். கொங்கு நாட்டில் பஸ்ஸை நம்பி ஊர் சுற்றுகிறவர்கள் இங்கே ஒரு மணி நேரம் கொடுக்கலாம். இரவு, டார்மெட்டரிக்குப் பின் தெரு மெஸ்ஸில் அரிசிம்பருப்புச் சாதம் கிடைத்தது. சின்ன வெங்காயமும் பூண்டும் முழுதாகக் கிடக்க, மேலே நெய் விட்டு, பக்கத்தில் கட்டித் தயிர். வீட்டில் சாப்பிடுவது போலவே இருந்தது.

வியாழக்கிழமை வால்பாறை. உக்கடத்திலிருந்து பொள்ளாச்சி, அங்கிருந்து அடுத்த பஸ். ஆழியாறு அணையைத் தாண்டினால் நாற்பது கொண்டை ஊசி வளைவுகள், ஒவ்வொன்றுக்கும் எண் பலகை. நடத்துநர் என் பையைத் தூக்கி ஓட்டுநர் பின்னால் வைத்துவிட்டு, "வாந்தி வர்ற மாதிரி இருந்தா முன்னாடியே சொல்லிருங்க கண்ணு" என்றார். வரவில்லை. ஒன்பதாவது வளைவில் லோம்ஸ் காட்சிமுனையில் பஸ் நிற்காது. ஓடுகிற ஜன்னலில் அணை கீழே ஒரு நொடி நீலமாகத் தெரிந்து மறைந்தது. பஸ் பயணத்தின் உண்மையான குறை இதுதான். ஆனால் அடுத்த வளைவிலேயே பாறை விளிம்பில் மூன்று வரையாடுகள் நின்றன. அதை ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த எல்லாரும் பார்த்தோம்.

வால்பாறைக்கு மட்டும் ஓர் இரவு தங்கும்படி போங்கள். அன்றே திரும்ப நினைத்தால் நாள் முழுவதும் பஸ்ஸிலேயே போய்விடும். புதுத்தோட்டம் பக்கம் சாலைக்கு மேலே மரத்துக்கு மரம் கட்டிய தொங்கு பாலத்தில் சிங்கவால் குரங்குக் கூட்டம் ஒன்று கடந்தது. குட்டி ஒன்று நடுவில் நின்றுகொண்டு அழ, தாய் திரும்பி வந்து கூட்டிப் போனது. வண்டியில் அடிபட்டுச் சாகாமல் இருக்கத்தான் அந்தப் பாலங்கள். யானை பக்கத்தில் இருந்தால் ஊர்க்காரர்களை எச்சரிக்கச் சிவப்பு விளக்குகளும் இங்கே வைத்திருக்கிறார்கள், செல்போனுக்கும் தகவல் வருகிறது. அறை கொடுத்த அம்மா, ஆறு மணிக்கு மேல் தேயிலைக் காட்டுப் பாதையில் கால் வைக்கக் கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னார். சிறுத்தை நடமாடுகிற ஊர். அந்தச் சொல்லை மதியுங்கள், படம் எடுக்கும் ஆசையில் மீறாதீர்கள்.

சனிக்கிழமை காலை 70ஆம் எண் பஸ்ஸில் மருதமலை. படியேறி முருகனைக் கும்பிட்டு, பாம்பாட்டிச் சித்தர் குகையையும் பார்த்துவிட்டு வெளியே வந்தால் முழுக் கோவையும் கீழே விரிந்து கிடக்கிறது. வாரம் முழுவதும் நான் அலைந்த ஊர் என்பதால், எது உக்கடம், எது அவிநாசி சாலை என்று விரல் நீட்டித் தேடிக்கொண்டிருந்தேன்.

தங்கல், சாப்பாடு, பஸ், ரயில், ஆட்டோ எல்லாம் சேர்த்து, பை நீங்கலாக, ஏழாயிரத்துக்குச் சற்றுக் குறைவு. பெரியவர் தைத்த பட்டையை வீட்டுக்கு வந்ததும் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தேன். ஒரு நூல்கூட நெகிழவில்லை. அக்கா மகள் கல்லூரிச் சுற்றுலாவுக்கு அந்தப் பையைக் கேட்டிருக்கிறாள், கொடுப்பதாகச் சொல்லிவிட்டேன்.