கட்டண விலக்கா, கூடவே வரும் துணையா?

கல்லூரியில் ஏழை மாணவர்களுக்கென்று ஒதுக்கும் பணம் எப்போதும் கொஞ்சம்தான். அதைக் கட்டண விலக்காகக் கொடுப்பதா, வழிகாட்டி, பயணச் செலவு, புத்தகம் என்று படிப்பு முடியும்வரை உடன் நிற்பதா?

செலவு
விலக்கு: அதே பணம் அதிகம் பேருக்குப் போய்ச் சேரும்.
துணை: தலைக்குக் கூடுதலாகப் பிடிக்கும்.

நடைமுறை
விலக்கு: ஓர் உத்தரவு போதும்.
துணை: நல்ல வழிகாட்டிகள் வேண்டும். ஒருவரிடம் நூற்றுக்கணக்கானவர்களைத் தள்ளிவிட்டால் அது பெயருக்குத்தான் இருக்கும்.

பட்டம் வாங்குவது
உண்மையான வித்தியாசம் இங்கேதான். கட்டணமே இல்லாவிட்டாலும் பேருந்துக்குக் காசில்லாமல், வேலையையும் வகுப்பையும் சமாளிக்க முடியாமல் பலர் பாதியில் நின்றுவிடுகிறார்கள். யாரும் கவனிப்பதுகூட இல்லை. நியூயார்க் நகரப் பல்கலைக்கழகம் 2007இல் தன் ஈராண்டுக் கல்லூரிகளில் 'ஏசாப்' திட்டத்தைத் தொடங்கியது. மற்ற உதவித்தொகை போக மீதிக் கட்டணம், பயண அட்டை, புத்தகம், அடிக்கடி சந்திக்கும் ஆலோசகர், எல்லாம் சேர்ந்தது அது. குலுக்கல் முறையில் மாணவர்களைப் பிரித்துச் செய்த ஆய்வில், திட்டத்தில் இருந்தவர்களில் 40 சதவீதம் பேர் மூன்றாண்டுக்குள் பட்டம் பெற்றார்கள். இல்லாதவர்களில் 22 சதவீதம். தலைக்குச் செலவு கூடியும், ஒரு பட்டத்துக்கு ஆன செலவு குறைந்தது.

சேரவே தயங்குபவர்கள் அதிகம் என்றால் விலக்கு பொருந்தும். அதையும் விண்ணப்பிக்கும் முன்பே தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். சேர்ந்தபின் பாதியில் போகிறவர்கள் அதிகம் என்றால், குறைவான பேருக்கானாலும் முழுத் துணையையே தேர்ந்தெடுப்பேன். பாதியில் நிற்கும் மாணவருக்குப் பட்டமும் இல்லை, போன காலமும் திரும்பாது.