வெள்ள நேரத்தில் நினைவு நடை: தள்ளிவைப்பதா, அன்றே நடப்பதா?

போரில் இறந்தவர்களை நினைக்கும் நாளான நவம்பர் இரண்டாம் ஞாயிறு நெருங்கினால் எங்கள் வீட்டில் அப்பாவின் பதக்கங்கள் பெட்டியை விட்டு வெளியே வந்துவிடும். அப்பா ராணுவத்தில் இருந்தவர். அவரோடு எஸ்பிளனேட் நினைவுத்தூண் வரை நடந்துபோவதுதான் எனக்குத் தெரிந்த அஞ்சலி. ஆனால் மலேசியாவின் பினாங்கில் அது மழைக்காலம். வெள்ளம் வந்தால் மூன்று யோசனைகள் கிளம்பும்: மண்டபத்துக்கு மாற்றலாம், அன்றே நடக்கலாம், தள்ளிவைக்கலாம்.

மண்டபம் எனக்கு ஒத்துவரவில்லை. வெள்ள நேரத்தில் பள்ளிகளும் மண்டபங்களும்தான் துயர் துடைப்பு மையங்கள்; பாய் விரித்துப் படுத்திருப்பவர்களை எழுப்பியா அஞ்சலி செலுத்துவது? அதோடு, உடல்கூடக் கிடைக்காதவர்களுக்கும் சேர்த்து நட்ட கல் அந்தத் தூண். தாத்தாவின் தம்பி இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியர்களுக்காகச் சயாம் ரயில் பாதை போடப் போனவர், திரும்பவில்லை. அவர் சிப்பாய் இல்லை. ஆனாலும் அவரை நினைக்க எங்களுக்கு வேறு இடமும் இல்லை.

அன்றே நடக்க வேண்டும் என்பவர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. 1918 நவம்பர் 11, காலை 11 மணிக்கு முதல் உலகப் போரின் துப்பாக்கிகள் ஓய்ந்ததை ஒட்டி வந்த நாள் இது. 1929இல் எழுப்பிய தூண் இரண்டாம் போரின் குண்டுவீச்சில் இடிந்து, 1948இல் மறுபடி எழுந்தது. இடிந்த கல்லையே தூக்கி நிறுத்திய ஊர் மழைக்குப் பயப்படலாமா என்று அப்பாவின் நண்பர்கள் கேட்பார்கள்.

மழைக்குப் பயமில்லை சரி, ஊரின் நிலைமையையும் பார்க்க வேண்டுமே. கனமழையோடு கடல் பெருக்கும் சேர்ந்துவிட்டால் ஆற்றுத் தண்ணீரும் வடிகால் தண்ணீரும் கடலில் இறங்க வழியில்லாமல் தெருவிலேயே நின்றுவிடும். 2017 நவம்பர் 4, 5 தேதிகளில் அப்படித்தான் ஆனது. மாநிலத்தில் ஏழு பேர் இறந்தார்கள், ராணுவத்தின் உதவி கேட்கப்பட்டது. அந்த ஆண்டு இரண்டாம் ஞாயிறு 12ஆம் தேதி. ஒரே வாரம்தான் இடைவெளி. அணிவகுத்து வரவேண்டிய சிப்பாய்களும் தீயணைப்பு வீரர்களும் அப்படியான வாரத்தில் படகிலும் லாரியிலும் இருப்பார்கள். நடைக்காக மூடும் சாலைகூட யாருக்காவது மருந்து போகும் வழியாக இருக்கலாம். எண்பதைத் தொட்ட முன்னாள் வீரர்களைச் சேற்றில் நடக்க வைத்தால் வழுக்கி விழும் பயம் ஒரு பக்கம், எலிக்காய்ச்சல் பயம் இன்னொரு பக்கம்.

சரி, தள்ளிவைத்தால் எப்போது? டிசம்பரில் கிழக்குக் கரை மாநிலங்களான கிளந்தான், திரங்கானுவில் வெள்ளம் வந்தால் ராணுவம் அங்கே போய்விடும். அப்புறம் பொங்கல், தைப்பூசம். ஜூலை 31இல் வரும் மலேசிய வீரர்கள் தினத்தோடு சேர்த்துவிடலாம் என்றும் சிலர் சொல்கிறார்கள். கம்யூனிஸ்ட் கெரில்லாக்களோடு போர் நடந்த அவசரகாலம் 1960இல் முடிந்த நாள் அது, அதற்கென்று தனி மரியாதை இருக்கிறது. அதோடு எட்டு மாதம் காத்திருக்க வேண்டும். இந்த ஆண்டு வந்தவர் அடுத்த ஆண்டும் வருவார் என்று சொல்ல முடியாத வயது அந்த முன்னாள் வீரர்களுக்கு. தேதி சொல்லாமல் தள்ளிவைத்தால் ரத்து செய்ததாகத்தான் அவர்கள் எடுத்துக்கொள்வார்கள்.

அதனால் இரண்டையும் பிரிக்க வேண்டும் என்கிறேன். மௌனம் அன்றே நடக்கட்டும்: கரையோரம் போகப் பாதுகாப்பாக இருந்தால் ஐந்தாறு பேர் மட்டும் தூணருகே நின்று, இறந்த வீரர்களுக்கான 'லாஸ்ட் போஸ்ட்' இசையைக் கொம்பில் ஊதி, இரண்டு நிமிடம் தலைகுனிந்து, மாலை வைத்துவிட்டு வரட்டும். நடையை மூன்று நான்கு வாரத்துக்குள் ஒரு ஞாயிறுக்கு மாற்றி, அந்தத் தேதியை அங்கேயே அறிவித்துவிட வேண்டும். பெர்மிட்டுக்கு இரண்டு முறை அலைய வேண்டியிருக்கும். அலையலாம்.

வெள்ளம் வந்த ஒரு வருடம், அப்பாவும் நானும் ஒரே குடைக்குள் தூண் முன்னால் நின்றோம். அப்பா பதக்கம் அணியவில்லை, நடை நாளுக்கென்று வீட்டிலேயே வைத்துவிட்டார். அங்கிருந்து நேராக ஜாலான் பி. ரம்லி தெருவில் அவர் நண்பர் வீட்டுக்குப் போய், மாலை வரை சேறு அள்ளினோம்.