பழைய சந்தை ஊருக்கு எது உயிர் கொடுக்கும்: புது வளாகமா, பழைய சந்தைக் கூடமா?

இங்கிலாந்தில் சந்தையால் வளர்ந்த ஊர்கள் நிறைய. அவற்றில் இரண்டு ஊர்கள் கடைத்தெருவைப் புதுப்பிக்க நேரெதிரான வழிகளில் போயின.

பரி செயின்ட் எட்மண்ட்ஸ் புதிதாகக் கட்டியது. மாட்டுச்சந்தை நடந்த இடத்தில் 2009-இல் 'ஆர்க்' வணிக வளாகம் வந்தது. மூடிய மாலாக இல்லாமல் திறந்த வீதிகளாக அமைத்தார்கள்; அடுத்த ஆண்டே 'ஏபெக்ஸ்' இசை அரங்கமும் பக்கத்தில் வந்தது. நல்ல யோசனைதான். ஆனால் ஆளை இழுக்க டெபன்ஹாம்ஸ் என்ற ஒரு பெரிய கடையைத்தான் அதிகம் நம்பினார்கள். 2021 மே மாதத்தோடு அந்த நிறுவனம் நாடு முழுவதும் தன் கடைகளை மூடியபோது, வளாகத்தின் முக்கியக் கட்டடம் காலியானது.

மான்செஸ்டர் பக்கத்து ஆல்ட்ரிங்கமின் கதை வேறு. 1290-இலேயே சந்தை உரிமை பெற்ற ஊர் இது. 1998-இல் சில மைல் தொலைவில் டிராஃபோர்ட் சென்டர் என்ற பெரிய மால் திறந்ததும் வியாபாரம் அங்கே நகர்ந்தது. 2010 வாக்கில் ஊர் நடுவில் ஏறக்குறைய 30% கடைகள் காலி. இன்னொரு மால் கட்டிப் போட்டிக்கு நிற்காமல், 2014-இல் விக்டோரியா காலத்துச் சந்தைக் கூடத்தையே உணவுக்கூடமாக மாற்றினார்கள். சுற்றிலும் சிறு சமையற்காரர்களின் கடைகள், நடுவே எல்லாரும் சேர்ந்து உட்காரும் நீள மர மேசைகள், அவ்வளவுதான். 2018-இல் இங்கிலாந்தின் சிறந்த கடைத்தெரு என்ற விருது இந்த ஊருக்குக் கிடைத்தது.

எனக்கு ஆல்ட்ரிங்கம் வழிதான் பிடித்திருக்கிறது. சிறு கடை ஒன்று போனால் அந்த இடத்துக்கு இன்னொருவர் வந்துவிடலாம். மாடி மாடியாக நிற்கும் கடைக்கு அடுத்த ஆளைத் தேடுவது லேசில்லை. ஆனால் சட்டையோ செருப்போ வாங்க வருபவருக்கு உணவுக்கூடம் உதவாது. அந்த விஷயத்தில் ஆர்க்தான் மேல்.

மூன்றாவது வழியும் உண்டு. ஸ்டாக்டன்-ஆன்-டீஸ் என்ற ஊர், ஆற்றை மறைத்து நின்ற தன் பழைய மாலையே இடித்து, அங்கே ஆற்றங்கரைப் பூங்கா அமைக்க இறங்கியது. துணிச்சல்தான்!

பரி செயின்ட் எட்மண்ட்ஸில் புதனும் சனியும் தெருச்சந்தை இன்னும் கூடுகிறது. அடுத்த முதலீட்டை நான் அந்தச் சந்தைக்காரர்களுக்குத்தான் கேட்பேன்.