மாரிஸ், தி சாரியட்டியர்: எதை முதலில் படிக்கலாம்?

ஆங்கில எழுத்தாளர் ஈ. எம். ஃபார்ஸ்டர் 'மாரிஸ்' நாவலை 1913-14லேயே எழுதிவிட்டார். அச்சேறியதோ அவர் இறந்த மறு வருடம், 1971ல். ஆண்களுக்கிடையிலான உறவு 1967 வரை இங்கிலாந்தில் குற்றம். அவரோ தன் நாவலில் ஆண் காதலர்களைத் தண்டிக்காமல் சேர்த்துவைத்திருந்தார். மேரி ரெனால்ட்டின் 'தி சாரியட்டியர்', ஆண்களின் காதலைச் சொல்லும் இன்னொரு நாவல், அந்தச் சட்டம் இருக்கும்போதே, 1953ல் பிரிட்டனில் வெளிவந்தது. அந்தத் துணிச்சல் பெரிது.

இரண்டிலும் மனம் திறக்க உதவுவது கிரேக்கத் தத்துவவாதி பிளேட்டோ. 'மாரிஸ்' நாவலில், கேம்பிரிட்ஜில் கிரேக்கப் பாடத்தை மொழிபெயர்க்கும்போது ஆண்களின் காதல் வரும் ஒரு பகுதியைத் தாண்டச் சொல்கிறார் ஆசிரியர். அதைச் சாக்கிட்டுத்தான் சக மாணவன் கிளைவ் நாயகன் மாரிஸிடம் பிளேட்டோ பற்றிப் பேச்செடுக்கிறான். ரெனால்ட்டில், பள்ளியிலிருந்து நீக்கப்பட்ட ரால்ஃப், நாயகன் லாரியிடம் பிளேட்டோவின் 'ஃபீட்ரஸ்' பிரதியைக் கொடுத்துவிட்டுப் போகிறான்.

'மாரிஸ்' 46 சிறு அத்தியாயங்கள், எளிய நடை. கிளைவ் விலகியபின் கொஞ்சம் தொய்வு. வேட்டைக்காவலன் அலெக் வந்ததும் சூடுபிடிக்கும். மாரிஸுக்கும் அலெக்குக்கும் நடுவே நிற்கும் வர்க்கபயத்தைக் கவனியுங்கள், பிற்பகுதியே அதில்தான் நிற்கிறது.

'சாரியட்டியர்' சிரமமானது. இரண்டாம் உலகப் போரில், டன்கிர்க்கில் காலில் காயம்பட்ட லாரி, போரிட மறுத்து மருத்துவமனையில் வேலைசெய்யும் குவேக்கர் (போரை எதிர்க்கும் கிறித்தவப் பிரிவு) ஆண்ட்ரூ: இவர்கள் சொல்லாமல் விடுவதுதான் கதை. உரையாடலை வேகமாகப் புரட்டினால் ஒன்றுமே நடக்காததுபோல் இருக்கும். முதலில் 'மாரிஸ்' படியுங்கள். மறுவாசிப்பில் அதிகம் தருவது ரெனால்ட்தான்.