அசல் தாளா, புது அச்சா? கூடத்தில் மாட்ட ஒரு பழைய தாவரப் படம்

ராபர்ட் வைட்டின் தாவரப் படங்களில் ஒன்றைக் கூடத்தில் மாட்டுவது என்று முடிவானதும் ஒரே ஒரு கேள்விதான் மிஞ்சியது. புத்தகத்திலிருந்து பிரிந்து விற்பனைக்கு வரும் பத்தொன்பதாம் நூற்றாண்டு அசல் தாளை வாங்குவதா, அதன் ஸ்கேனை நல்ல காகிதத்தில் புதிதாக அச்சிட்டு மாட்டுவதா? நான் இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தேன். ஆகவே இந்த அலசல் அந்தப் பக்கம் கொஞ்சம் சாய்ந்துதான் இருக்கும்.

ஏன் வைட்? கிழக்கிந்தியக் கம்பெனியின் மருத்துவராகச் சென்னைக்கு வந்து, செடிகொடிகளில் மூழ்கிப்போன ஸ்காட்லாந்துக்காரர் அவர். அவருடைய ‘ஐகோன்ஸ்’ என்ற இந்தியத் தாவரப் பட நூல் 1838 முதல் 1853 வரை சென்னையிலேயே வெளிவந்தது. மொத்தம் 2,101 படங்கள். ரங்கையா, கோவிந்து என்ற இரண்டு ஓவியர்கள் அவருக்காக வரைந்தார்கள். கம்பெனிக்காரர்களிடம் வேலை பார்த்த நம் ஓவியர்களில் பெரும்பாலோர் பெயர் தெரியாமலே போய்விட்டார்கள். வைட்டுக்கு முன்பு கம்பெனியில் இருந்த தாவரவியலாளர் ராக்ஸ்பர்க்கின் கோரமண்டல் தாவர நூலில் 300 படங்கள் இருந்தும் அதே கதைதான். வைட் தன் ஓவியர்களின் பெயரைப் போட்டார். ஓர் ஆர்க்கிட் பேரினத்துக்கே ‘கோவிந்தூயா’ என்று பெயர் வைத்தார். எனக்கு அது போதும்.

அழகில் அசலை எதுவும் அடித்துக்கொள்ள முடியாது, அதில் வாதமே இல்லை. நண்பர் ஒருவரிடம் அந்தக் காலத்துக் கைவண்ணத் தாள் ஒன்று இருக்கிறது. லென்ஸ் வைத்துப் பார்த்தால் கல்லச்சின் (கல்லில் வரைந்து அச்செடுக்கும் முறை) கோடு மணல்மணலாகத் தெரிகிறது. இலையின் பச்சை ஓர் இடத்தில் விளிம்பைத் தாண்டி மயிரிழை அளவு வழிந்திருக்கிறது. நிழல் அடர்ந்த இடங்களில் பிசின் பூசிய பளபளப்பு. ஒவ்வொரு பிரதிக்கும் யாரோ உட்கார்ந்து தூரிகையால் வண்ணம் போட்டிருக்கிறார்கள். புது அச்சை அதே லென்ஸில் பார்த்தால் பொடிப்பொடியாக மைத்துளிகள்தான். ஆனால் சோபாவில் உட்கார்ந்து பார்ப்பவருக்கு இந்த வித்தியாசம் எதுவும் தெரியாது. விலை விஷயம் எல்லாருக்கும் தெரிந்ததுதான், விட்டுவிடுவோம்.

என் முடிவைத் தீர்மானித்தது வெளிச்சம். நீர்வண்ணத்துக்கு வெளிச்சம் ஆகாது. அருங்காட்சியகங்களில் இப்படிப்பட்ட தாள்களைச் சுமார் 50 லக்ஸ் (வெளிச்சத்தின் அளவு) வெளிச்சத்தில்தான் வைக்கிறார்கள். அதையும் சில மாதங்கள் காட்டிவிட்டு, எடுத்து இருட்டில் வைத்துவிடுவார்கள். நம் வீட்டுக் கூடத்தில் பகல் வேளையில் ஜன்னலோரம் ஆயிரக்கணக்கில் லக்ஸ் விழும். வெயில் நேராகப் படாவிட்டாலும் சேதம் சேதம்தான், கொஞ்சம் மெதுவாக நடக்கும், அவ்வளவே. ஒருமுறை மங்கிய வண்ணத்தை இருட்டில் வைத்து மீட்க முடியாது. (பிரஷ்யன் நீலம் மட்டும் இருட்டில் ஓரளவு தேறி வரும், அது ஒரு விசித்திரம்.)

எல்லா வண்ணமும் ஒரே வேகத்தில் மங்குவதில்லை, சிக்கலே அதில்தான். அந்தக் கால ஓவியர்கள் இலைப் பச்சையைப் பெரும்பாலும் நீலத்தையும் மஞ்சளையும் கலந்து எடுப்பார்கள். கம்போஜ் போன்ற மரப்பிசின் மஞ்சள் முதலில் போய்விடும். மிஞ்சுவது நீலம் பாரித்த இலை. பூவில் கார்மைன் சிவப்பு இருந்தால் அதுவும் வெளிறும். தாவரவியல் படத்தில் நிறம்தானே செய்தி! யூ.வி. கண்ணாடி போட்டால் சரியாகிவிடும் என்று ஃப்ரேம் கடைகளில் சொல்வார்கள். அது புற ஊதாவை வடிகட்டும், கண்ணுக்குத் தெரியும் வெளிச்சத்தை விட்டுவிடும். மங்கலுக்கு அந்த வெளிச்சமும் காரணம். ஆக, அசலை வாங்கினால் திரை போட்டு மூடி வைக்க வேண்டும், இல்லையென்றால் வீட்டுக்குள் வெளிச்சமே வராத நடைவழிச் சுவரைத் தேட வேண்டும். தினமும் பார்ப்பதற்கென்று வாங்கும் பொருளோடு இந்த மல்லுக்கட்டு எனக்கு ஒத்துவராது.

இதோடு கடலோர ஊரின் ஈரக்காற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பழுப்புப் புள்ளி, பூஞ்சை, பசையை மோப்பம் பிடித்து வரும் ராமபாணப் பூச்சி. ஏ.சி.யைப் போடுவதும் அணைப்பதுமாக இருந்தால் தாள் நெளியும். புது அச்சுக்கும் இதெல்லாம் வரும். ஆனால் அதை இன்னொரு முறை அச்சிட்டுக்கொள்ளலாம்.

புது அச்சிலும் ஏமாறுவதற்கு வழிகள் உண்டு. ‘பயோடைவர்சிட்டி ஹெரிட்டேஜ் லைப்ரரி’ தளத்தில் வைட்டின் நூல்களின் ஸ்கேன்கள் இலவசமாகக் கிடைக்கின்றன, பதிப்புரிமைக் காலம் எப்போதோ முடிந்துவிட்டது. ஆனால் 3,000 பிக்சல் அகலமுள்ள படத்தை 300 டி.பி.ஐ.யில் (அங்குலத்துக்கு 300 புள்ளி) அச்சிட்டால் 10 அங்குலம்தான் வரும். சோபாவுக்கு மேலே பெரிதாக வேண்டும் என்று இழுத்தால் அந்த மணல்மணலான கோடு புகைமூட்டமாகிவிடும். படத்தை அதன் அசல் அளவிலேயே விட்டு, மவுண்ட்டை (படத்தைச் சுற்றி வரும் அட்டையை) அகலமாக வைப்பது நல்லது. கடையில் ‘பிக்மென்ட் மையா, டை மையா’ என்று கேளுங்கள். பிக்மென்ட் மையில் நிறம் நுண்துகளாக இருக்கும், டை மையில் கரைந்த சாயமாக இருக்கும். டை மை வெயிலில் சீக்கிரம் வெளுக்கும். காகிதம் ஆசிட் இல்லாத பருத்திக் காகிதமாக இருக்கட்டும். ஸ்கேனில் உள்ள பழைய தாளின் மஞ்சளை அப்படியே அடிக்கச் சொல்லாதீர்கள். புதுத் தாளில் அச்சான பழுப்பு, நாடக மேக்கப் மாதிரி உடனே காட்டிக்கொடுத்துவிடும். ஆன்லைனில் ரெடிமேடாக வரும் ‘விண்டேஜ்’ கேன்வாஸ்களில் இந்தக் குறை எல்லாமே இருக்கும்.

மறுவிற்பனை என்று பார்த்தால் புது அச்சுக்கு மதிப்பே கிடையாது. அசலுக்கு உண்டு, ஆனால் நான் எதையும் விற்றுப் பார்த்ததில்லை. ஒன்று மட்டும் சொல்லலாம்: 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி நூறு வருடம் தாண்டிய கலைப்பொருளைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. வாங்கும் ஆட்கள் உள்ளூரிலேயே இருக்க வேண்டும். இன்னொரு உறுத்தலும் உண்டு. உதிரித் தாள் ஒவ்வொன்றும் ஏதோ ஒரு புத்தகத்திலிருந்து வந்தது. தானாகப் பிரிந்ததா, விற்பதற்காகப் பிரித்தார்களா என்று யாருக்குத் தெரியும்?

இவ்வளவுக்குப் பிறகும் அசல்தான் வேண்டும் என்பவர்கள் வண்ணம் பூசாத தாளாகப் பாருங்கள். ‘ஐகோன்ஸ்’ படங்கள் பெரும்பாலும் கறுப்பு வெள்ளைதான். அச்சு மையின் கரி வெளிச்சத்துக்கு அசையாது. தாள் மஞ்சளாகும், ஆனால் படம் நிற்கும். வாங்குமுன் ஓரம் கத்தரிக்காத தாளா என்று பாருங்கள், ஓவியர் பெயர் கீழ் ஓரத்தில்தான் இருக்கும். ஃப்ரேம் போடுபவரிடமும் அதை மவுண்ட்டுக்கு அடியில் மறைத்துவிட வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.